பட்டுப்புழு நடத்தும் புரதப் பாடம்

கோபியிலிருந்து சத்தி போற ரோட்டிலோ, உடுமலை பக்கமோ பஸ்ஸில் போயிருந்தா மல்பெரித் தோட்டங்களைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. வரிசை வரிசையா பச்சைச் செடி. பக்கத்திலேயே ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்ச நீளமான ஷெட் ஒண்ணு நிக்கும். அதுதான் புழு வளர்ப்பு மனை. உள்ளே போய் நின்னா, ஆயிரக்கணக்கான பட்டுப்புழுக்கள் இலை தின்கிற சத்தம் ஓட்டு மேல தூறல் விழற மாதிரி கேட்கும்.

அந்த ஷெட்டுக்குள்ள நடக்கிறது விவசாயம் மட்டும் இல்லைங்க. உலகத்திலேயே வேகமான புரத உற்பத்திகளில் ஒன்று அங்கே நடக்குது. பட்டு நூல் முழுக்கவே புரதம்தான். மெஸ்ஸில் போடற முட்டை, ஜிம்முக்குப் போற நண்பன் கலக்கிக் குடிக்கிற பவுடர், சிறுமுகை தறியில் ஓடுகிற பட்டு இழை, மூணுமே ஒரே ரகப் பொருள். அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அப்போ ஒண்ணு ஏன் ஆம்லெட் ஆகுது, இன்னொண்ணு ஏன் பல வருஷம் தாங்கும் புடவை ஆகுது?

பதில்: மடிப்பு. பிளஸ் டூ உயிரியலில் டி.என்.ஏ, அங்கிருந்து ஆர்.என்.ஏ, அங்கிருந்து புரதம்னு அம்புக்குறி போட்டு மார்க் வாங்கியிருப்போம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவங்களுக்கு அந்த அம்புக்குறிகூட மறந்திருக்கும், பரவாயில்லை. ஆனா அந்த இரண்டாவது அம்புக்குறி முடியற இடத்தில் கதை முடியறதில்லை. சங்கிலி தயாரானதும் பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. அது சரியான வடிவத்தில், சரியான நேரத்தில், சரியான இடத்தில் மடியணும். அந்த மீதிப் பாதியைப் புரிஞ்சுக்க நம்ம ஊர்ப் பட்டுப்புழுவை விட நல்ல வாத்தியார் கிடைக்காது.

ஆயிரம் செல், ஒரே வேலை

பட்டுப்புழு முட்டையிலிருந்து வெளியே வந்து கூடு கட்டற வரைக்கும் சுமார் 25 நாள். நாலு தடவை தோலுரிக்கும். அஞ்சாவது பருவம்தான் முக்கியம். வாழ்நாளில் தின்கிற இலையில் 80 சதவீதத்துக்கும் மேல அந்த ஒரு வாரத்தில்தான் தின்னுது. அப்போ ஷெட்டில் ஆட்களுக்குத் தூக்கம் இருக்காது.

இந்தத் தீனி எல்லாம் போய்ச் சேர்கிற இடம், புழுவின் உடம்புக்குள் இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு மடங்கிக் கிடக்கிற இரண்டு பட்டுச் சுரப்பிகள். ஒவ்வொரு சுரப்பியிலும் சுமார் ஆயிரம் செல்கள்தான். முட்டைக்குள்ள இருக்கும்போதே இந்த எண்ணிக்கை முடிவாகிடுது. அதுக்கப்புறம் ஒரு செல்கூட பிரியறதில்லை, பெருசாகிட்டே போகும். செல் பிரியாமல் டி.என்.ஏ மட்டும் திரும்பத் திரும்ப நகலெடுக்கப்பட்டு, கடைசியில் ஒரே செல்லுக்குள் லட்சக்கணக்கான பிரதிகள் சேர்ந்துடுது.

சுரப்பியின் பின்பகுதி தயாரிக்கிறது ஃபைப்ராயின். பட்டு இழைக்கு உயிர் இதுதான். நடுப்பகுதி தயாரிக்கிறது செரிசின். இது பசை. இரண்டு சுரப்பியிலிருந்தும் வர்ற இரண்டு ஃபைப்ராயின் இழைகளைச் செரிசின் பசை ஒட்டி ஒரே நூலாக்குது. பட்டு நூற்பாலையில் கூட்டை வெந்நீரில் போட்டு வேக வைக்கிறாங்களே, அது இந்தப் பசையை இளக்கி நூல் முனையைப் பிடிக்கத்தான்.

பைப்லைன் புழுவுக்கும் தெரியும்

ஃபைப்ராயினின் பெரிய சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள் இருக்கு. அதில் ஏறக்குறைய 46 சதவீதம் கிளைசின், 30 சதவீதம் அலனின், 12 சதவீதம் செரின். 20 வகை அமினோ அமிலம் கையில் இருந்தும், பத்தில் ஒன்பது பங்கை மூணே வகையை வச்சு முடிச்சிருக்கு. பெரும்பாலான இடங்களில் கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின்னு ஆறெழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும்.

இதைக் கோக்கிற மெஷின் ரைபோசோம். டி.என்.ஏ-வில் இருக்கிற குறிப்பை எம்.ஆர்.என்.ஏ என்ற நகலாக எடுத்து வெளியே அனுப்புது செல். அந்த நாடாவின் மேல் ரைபோசோம் ஊர்ந்து போகும். மூணு மூணு எழுத்தா படிக்கும். ஒவ்வொரு மூணெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தை டி.ஆர்.என்.ஏ என்ற சின்ன மூலக்கூறு தூக்கிட்டு வரும். எழுத்து பொருந்தினா கோக்கும், பொருந்தலைன்னா தள்ளிவிடும். இந்தப் 'பொருந்துதா' சோதனை அணு அளவில் எப்படி நடக்குதுன்னு படம் பிடிச்சுக் காட்டியவங்களில் ஒருத்தர் நம்ம சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2000-ம் ஆண்டில் அவருடைய குழு ரைபோசோமின் சிறிய பாகத்தின் முழு அமைப்பையும் வெளியிட்டது. 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு வேதியியல் நோபல் பரிசு.

இப்ப ஒரு சின்னக் கணக்கு போடலாம். பால்டிமோரில் வேலை பார்த்த சுசுகி, டொனால்டு பிரவுன் குழு 1972-ல் பட்டுச் சுரப்பியிலிருந்து ஃபைப்ராயின் எம்.ஆர்.என்.ஏ-வைத் தனியாகப் பிரிச்சு எடுத்தாங்க. அந்த ஆய்வுகளிலிருந்து வந்த மதிப்பீடு இது: ஒரு ஃபைப்ராயின் மரபணு சுமார் 10,000 எம்.ஆர்.என்.ஏ நகல்களைத் தரும். ஒவ்வொரு நகலும் சுமார் 1 லட்சம் புரதங்களைத் தரும். ஆக மொத்தம் நாலே நாளில் 100 கோடி.

நாலு நாள்னா 3,45,600 வினாடி. அப்படின்னா ஒரு எம்.ஆர்.என்.ஏ-விலிருந்து மூன்றரை வினாடிக்கு ஒரு புரதம் இறங்கியாகணும். ஆனா ஒரு ரைபோசோம் வினாடிக்கு ஏறக்குறைய 5 அமினோ அமிலம் வீதம்தான் கோக்கும். 5,263-ஐக் கோத்து முடிக்க 17 நிமிஷத்துக்கு மேல ஆகும். எப்படிக் கட்டுப்படி ஆகுது? கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் படிச்சவங்க இதுக்குள்ள சொல்லியிருப்பீங்க: பைப்லைன். முதல் ரைபோசோம் கொஞ்ச தூரம் போனதுமே அடுத்தது ஏறிடும், அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. நம்ம கணக்குப்படி ஒரே நாடாவில் ஒரே நேரத்தில் 300 ரைபோசோம் வரைக்கும் வரிசையில் ஊரணும்.

சப்ளை செயினும் பக்காவா இருக்கு. அஞ்சாவது பருவத்தில் பின்பகுதி செல்கள் கிளைசின், அலனின், செரின் தூக்கி வர்ற டி.ஆர்.என்.ஏ-க்களை மட்டும் அதிகமாகத் தயாரிச்சு வச்சுக்குது. எந்தப் பாகம் அதிகம் தேவையோ அதையே ஸ்டாக் வைக்கிற ஸ்டோர் கீப்பர் மாதிரி.

10,000 கீல் உள்ள சங்கிலி

சங்கிலி ரெடி. இனிமேல்தான் சிக்கல்.

ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் சங்கிலி திரும்பறதுக்கு இரண்டு கீல் மாதிரி இருக்கு. மெக்கானிக்கல் பாஷையில் சொன்னா இரண்டு டிகிரி ஆஃப் ஃப்ரீடம். 5,263 அமினோ அமிலத்துக்கு 10,000-க்கும் மேல. ரோபாட்டிக்ஸ் லேபில் ஆறு கீல் இருக்கிற கையை ஓட்டவே நமக்குக் கண்ணு பிதுங்குது.

சின்னச் சங்கிலியே எடுத்துக்குவோம். 100 அமினோ அமிலம், ஒவ்வொண்ணுக்கும் மூணே மூணு நிலைன்னு வச்சாலும் மொத்தம் 3-ன் அடுக்கு 100. அதாவது 5-க்குப் பின்னால் 47 பூஜ்யம். ஒவ்வொரு நிலையா முயற்சி பண்ணிப் பார்த்தா, பிரபஞ்சத்தின் வயசு முழுக்கப் போதாது. ஆனா நிஜத்தில் பல புரதங்கள் வினாடிகளுக்குள்ள மடிஞ்சுடுது. 1960களின் கடைசியில் சைரஸ் லெவிந்தால் எழுப்பிய புதிர் இது. அப்படின்னா புரதம் எல்லா வழியையும் தேடறதில்லை. பெரும்பாலான வழிகள் முன்னாடியே அடைபட்டிருக்கு.

எந்த வழி அடைப்பு, எந்த வழி திறப்புன்னு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி.என்.ராமச்சந்திரன். 1963-ல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமை: இந்த இரண்டு கோணங்களையும், அதாவது ஃபை, சை இரண்டையும், இஷ்டத்துக்குத் திருப்பினா அணுக்கள் ஒண்ணோடொண்ணு இடிச்சுக்காதா? எக்ஸ் அச்சில் ஒரு கோணம், ஒய் அச்சில் இன்னொரு கோணம் வச்சு, இடிக்காத இடங்களை மட்டும் குறிச்சாங்க. கட்டத்தில் பெரும்பகுதி காலி. சில திட்டுகள்தான் அனுமதி. உலகம் முழுக்க இன்னைக்கும் ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடிச்சா, அது சரியான்னு பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறாங்க. 2024-ல் நோபல் வாங்கிய ஆல்ஃபாஃபோல்டு தர்ற விடையையும் இதே வரைபடத்தில் சோதிக்கலாம்.

பட்டு அந்த வரைபடத்தில் எங்கே இருக்கு? இடது மேல் மூலையில், பீட்டா திட்டில். அங்கே சங்கிலி சுருளாமல், நீட்டி நிமிர்ந்து, லேசா வளைஞ்சு வளைஞ்சு போகும். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்துக்கிட்டு ஒரு விரிப்பு ஆகும். கிளைசினுக்குப் பக்கக் கிளைன்னு சொல்ல ஒரு ஹைட்ரஜன் அணுதான். ஒண்ணு விட்டு ஒண்ணு கிளைசின் வர்றதால் விரிப்பின் ஒரு முகம் வழவழப்பு, மறுமுகத்தில் அலனின், செரின். விரிப்பு மேல் விரிப்பு அடுக்கினா இடைவெளியே இல்லாமல் கச்சிதமா உட்காரும். அந்த அடுக்குதான் பட்டின் படிகம். நூலுக்குப் பலம் தர்றது அதுதான்.

இதே ராமச்சந்திரன் 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜனின் மூவிழை அமைப்பை முன்வைத்தவர். நம்ம தோல், தசைநாண் எல்லாம் கொலாஜன். அதில் மூணுக்கு ஒண்ணு கிளைசின். பட்டில் இரண்டுக்கு ஒண்ணு. இந்தச் சின்ன வித்தியாசத்தில் ஒண்ணு கயிறாக முறுக்குது, இன்னொண்ணு விரிப்பாகப் படியுது.

ஒரே ஒரு பிணைப்பு இல்லைன்னா

'வரிசை சரியா இருந்தா மடிப்பு தானா வந்துடும்'னு தோணும். பல சின்னப் புரதங்களுக்கு அது உண்மை. ஆனா பட்டுப்புழுவில் அதைத் திருத்திச் சொல்ல ஒரு ரகம் இருக்கு. அந்தப் புழு நல்லா இலை தின்னும், வளரும், பழுக்கும். கூடு கட்ட ஏறும். ஆனா அது கட்டறது ஏறக்குறைய செரிசின் மட்டுமே உள்ள மெல்லிசு உறை. உள்ளே கூட்டுப்புழு அம்மணமாத் தெரியும். ஆங்கிலத்திலும் 'அம்மணக் கூட்டுப்புழு'ன்னு அர்த்தம் வர்ற பேர்தான் அதுக்கு.

என்ன கோளாறு? ஃபைப்ராயினின் பெரிய சங்கிலியோடு ஒரு சின்னச் சங்கிலி, ஒரே ஒரு கந்தகப் பிணைப்பால் கைகோத்து நிக்கணும். இந்த ரகத்தில் சின்னச் சங்கிலியின் மரபணு கெட்டுப்போய், கைகோக்க வேண்டிய அந்தக் கந்தகம் இல்லை. 1990களில் ஜப்பான் ஆய்வாளர்கள் இதை உறுதி செஞ்சாங்க. 5,263 அமினோ அமிலப் பெரிய சங்கிலியில் குறை ஒண்ணும் இல்லை. இருந்தும் அது செல்லை விட்டு வெளியே வர்ற அளவு சாதாரணப் புழுவில் வர்றதில் 0.3 சதவீதத்துக்கும் குறைவு.

காரணம், செல்லுக்குள்ள ஒரு குவாலிட்டி செக் இருக்கு. வெளியே போக வேண்டிய புரதம் எல்லாம் எண்டோபிளாசம் வலைப்பின்னல்ங்கிற அறை வழியாகத்தான் போகணும். அங்கே சாப்பரோன்னு சொல்ற துணைப் புரதங்கள் காவல் நிக்கும். சரியா மடியாததை, கூட்டாளி சேராததைப் பிடிச்சு நிறுத்திடும். திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல பீஸ் ரிஜெக்ட் ஆகுற மாதிரிதான். இங்கே தைச்ச பீஸில் குறையில்லை, அதோட சேர வேண்டிய இன்னொரு பீஸ் வரலை. ஆனா ரிஜெக்ட், ரிஜெக்ட்தான்.

சேர்க்கை தப்பினால் என்ன ஆகும்னு மனுஷ உடம்பில் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். மேட்டுப்பாளையத்துக்கு மேல நீலகிரி இருக்கு. அங்கே பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ரத்தப் பண்பு இருப்பதை லேமன், கட்புஷ் இருவரும் 1952-ல் பதிவு செஞ்சாங்க. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலம். அதில் ஆறாவது இடத்தில் ஒண்ணு மாறியிருக்கு, அவ்வளவுதான். மடிப்பு பெருசா மாறலை. ஆனா வெளிப்பக்கம் ஒட்டிக்கிற இடம் ஒண்ணு முளைச்சுடுது. ஆக்சிஜனை இறக்கி வச்சதும் மூலக்கூறுகள் ஒண்ணோடொண்ணு ஒட்டி நீள நீளக் கம்பியாகி, சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைச்சுடும். ரத்தக்குழாய் அடைக்கும், உயிர் போகிற வலி. புரதம் நூலாகச் சேர்றது பட்டுப்புழுவுக்குப் பிழைப்பு. அதே சேர்க்கை வேண்டாத இடத்தில் நடந்தா மனுஷனுக்கு நோய்.

திரவம் நூலாகும் நேரம்

இப்ப புழு இருக்கிற தர்மசங்கடம் புரியுதா? சீக்கிரமே ஒட்டிக்கிற குணம் உள்ள புரதத்தை நாள்கணக்கா உடம்புக்குள்ள திரவமாகவே வச்சிருக்கணும். முன்னாடியே கெட்டியானா சுரப்பி அடைச்சு புழு செத்துடும். வெளியே வந்ததும் கெட்டியாகலைன்னா கூடு இல்லை.

புழு இதுக்குப் பல ஏற்பாடு வச்சிருக்கு. அந்த ஆறெழுத்து வரிசை ஒரே ஓட்டமா ஓடறதில்லை. 12 பகுதியாப் பிரிஞ்சு, நடுநடுவே தண்ணீரோடு சேரும் 11 இடைத் துண்டுகள் இருக்கு. சங்கிலியின் இரண்டு முனையும் அப்படித்தான். சுரப்பியின் நடுப்பகுதியில் 25 சதவீதத்துக்கும் மேல் அடர்த்தியான புரதக் கூழ் கெட்டியாகாமல் நிக்கறதுக்கு இதெல்லாம் உதவுது.

முன்பகுதிக்கு வர வர, சுரப்பிக் குழாய் குறுகும். காரத்தன்மை குறைஞ்சு லேசா அமிலம் ஆகும். தண்ணீர் வெளியேறும். அமிலம் ஏறினதும் சங்கிலியின் முனைகள் ஒண்ணோடொண்ணு பிடிச்சுக்கும். கடைசி வேலை புழுவின் தலை செய்யுது. 8 போடற மாதிரி தலையை ஆட்டி ஆட்டி இழுக்கும்போது, அந்த இழுப்பில் சங்கிலிகள் நேராகி, விரிப்பாகி, படிகமாகி, நூலாகிடுது. புழு நூலை வெளியே தள்ளறதில்லை, இழுக்குது. ஒரு கூட்டில் 1,000 மீட்டர் நூல், மூணு நாள் வேலைன்னு வச்சா வினாடிக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். உலை இல்லை, ஆசிட் இல்லை. அறை வெப்பநிலை, தண்ணீர், இழுப்பு.

நாம அதே ஃபைப்ராயினைத் திரும்பக் கரைக்கணும்னா லேபில் 9.3 மோலார் லித்தியம் புரோமைடு மாதிரி கடுமையான கரைசல் வேணும். ஆல்ஃபாஃபோல்டு ஒரு சங்கிலியின் கடைசி வடிவத்தைக் கணிக்கும். இழுக்க இழுக்கக் கோடிக்கணக்கான சங்கிலி சேர்ந்து நூலாகிற வழி வேற கணக்கு. டெக்ஸ்டைல், மெக்கானிக்கல், பயோடெக் மூணும் ஒண்ணா உட்கார வேண்டிய கணக்கு.

வெயிலும் விவசாயியும்

"ஏனுங்க, இந்த பேட்ச் எப்படிங்க?"ன்னு பட்டு விவசாயி யாரைக் கேட்டாலும், "வெயிலைப் பொறுத்ததுங்க"ன்னுதான் பதில் வரும். அந்தப் பதிலுக்குள்ள இவ்வளவு நேரம் பேசின எல்லாம் இருக்கு.

இங்கே இப்ப அதிகம் வளர்க்கிறது வெண்பட்டு தர்ற இருசந்ததிக் கலப்பினங்கள். குளிர்ந்த ஊர் ரகம், நம்ம வெயிலுக்குத் தாங்காதுன்னு ஒரு காலத்தில் ஒதுக்கியிருந்தாங்க. 1990களில் மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் ஜப்பான் உதவியோடு நம்ம சூழலுக்கேத்த ரகங்களைக் கொண்டு வந்த பிறகுதான் பரவிச்சு. ஆனாலும் வளர்ந்த புழுவுக்கு ஏத்த வெப்பம் 24, 25 டிகிரி. சித்திரையில் நம்ம ஊர் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்.

வெப்பம் ஏறினா மடிஞ்ச புரதங்கள் குலைய ஆரம்பிக்கும். முட்டை வேகிறது அதோட உச்சக்கட்டம். செல் உடனே வழக்கமான உற்பத்தியைக் குறைச்சு, குலைஞ்சதைத் தாங்கிப் பிடிக்கிற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைத் தயாரிக்க ஆரம்பிக்கும். உயிர் பிழைக்க அது அவசியம்தான். ஆனா பட்டுக்குப் போக வேண்டிய சக்தி அங்கே திரும்பிடுது. புழு இலையும் குறைவாத் தின்னும். கூடு இளைக்கும், நூல் நீளம் குறையும், கூட்டுக்கு விலையும் இறங்கும். ஒரு மாசத்துப் பாடும், இலைக்குப் போட்ட உரமும், வாங்கின கடனும் அந்த ஒரு வாரத்தைத்தான் நம்பியிருக்கு. அதனாலதான் ஜன்னலில் ஈரச்சாக்கு, கூரை மேல தென்னங்கீற்று, ஸ்ப்ரிங்ளர் எல்லாம். ஃபைனல் இயருக்கு ப்ராஜெக்ட் தேடறவங்க இருந்தா, குறைஞ்ச செலவில் வெப்பமும் ஈரப்பதமும் பார்த்துக்கிற கன்ட்ரோலர் ஒண்ணு இங்கே நிஜமாகவே தேவைப்படுது. ஷெட்டுக்குப் போய் அவங்ககிட்ட கேட்டுட்டு டிசைன் பண்ணுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை. புழு இல்லாத வெட்டுக்கூடு ரெண்டு மூணு வாங்கிக்கோங்க. சின்னத் துண்டாக்கி, கெமிஸ்ட்ரி லேப் தராசில் எடை போட்டுக் குறிச்சுக்கோங்க. ஒரு லிட்டர் தண்ணியில் ஒரு டீஸ்பூன் சலவை சோடா போட்டு, அரை மணி நேரம் கொதிக்க விடுங்க. நல்லா அலசி, முழுசாக் காய வச்சு, மறுபடி எடை போடுங்க. ஏறக்குறைய கால்வாசி குறைஞ்சிருக்கும். தண்ணியோடு போனது செரிசின். இரண்டும் புரதம்தான், இரண்டும் அதே புழு தந்ததுதான், இரண்டும் அதே கொதிநீரில்தான் கிடந்தது. கையில் பஞ்சு மாதிரி மிஞ்சியிருக்கிற ஃபைப்ராயின் கரையாமல் நிக்கறதுக்குக் காரணம் அதோட மடிப்பு.